கில்ட்டின் முன்னால் தொங்கும் பை: ஸ்போரன் தைப்போர் கேட்டவையும் பதில்களும்

ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் மடிப்புப் பாவாடையான கில்ட்டில் சட்டைப்பை, கால்சட்டைப்பை என்று எதுவும் கிடையாது. சாவி, பணம், இப்போது கைப்பேசி எல்லாம் இடுப்புக்குக் கீழே முன்பக்கம் தொங்கும் ஸ்போரனில்தான் போகும். அதைக் கையாலேயே செய்ய முயலும் வாசகர்களின் கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எடின்பரோவில் இருக்கிறோம். மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் ஸ்காட்லாந்துக்காரர். கல்யாணத்துக்கு அவருக்கு ஒரு ஸ்போரன் என் கையால் செய்து கொடுக்க ஆசை. தோல்வேலை கொஞ்சம் தெரியும். பர்ஸ், பெல்ட் செய்திருக்கிறேன். எந்த வகையை எடுப்பது?

முழுத்தோலில் செய்யும் 'டே ஸ்போரன்' எடுங்கள். பகல் உடைக்கு உரியது அதுதான். முகப்பில் ரோமத்தோல் வைத்து, மேலே தோல் மூடி போட்டது 'செமி-டிரஸ்'. ரோமத்தோல் உடம்பும் மேல்விளிம்பில் உலோக வளைவுச் சட்டமும் கொண்டது 'ஃபுல் டிரஸ்'; மாலை விருந்துக்கான முழு உடுப்புடன் அணிவது. அந்த உலோகச் சட்டத்தை 'கேன்டில்' என்பார்கள். அது தட்டாரும் உலோகத்தில் செதுக்குவேலை செய்பவரும் செய்யவேண்டிய வேலை, பெல்ட் தைத்த அனுபவம் அங்கே உதவாது.

கல்யாணத்தில் மாப்பிள்ளை பகலில் ட்வீட் (தடித்த கம்பளி) கோட்டு போடுகிறாரா, மாலையில் கறுப்புக் கோட்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ட்வீட் என்றால் பழுப்பு டே ஸ்போரன் பாந்தமாக இருக்கும். கறுப்புக் கோட்டு என்றால் செமி-டிரஸ் செய்யலாம். அதற்குப் பசுவின் ரோமத்தோலோ முயல்தோலோ போதும். பழைய ஸ்போரன்களில் சீல் என்னும் கடல்விலங்கின் தோல் நிறையப் பார்ப்பீர்கள்; அதை வாங்கப் போகாதீர்கள். சீல் பொருள் வணிகத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் தடைச்சட்டம் கொண்டுவந்தது. நீர்நாய், பேட்ஜர் போன்ற பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் தோலுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். புதிதாகச் செய்பவர்கள் முகப்பில் அச்சடித்துச் செய்யும் சித்திரவேலைக்கே முக்கால் பங்கு நேரத்தைக் கொடுக்கிறார்கள். ஸ்போரன் நன்றாக அமைவதும் கெடுவதும் பின்பக்கத்தில். அது நாள் முழுக்கக் கம்பளித் துணிமேல் ஆடிக்கொண்டும் உரசிக்கொண்டும் இருக்கும் பொருள்.

கேள்வி: ஈரோட்டில் கிடைக்கும் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலில் செய்யலாமா? வெளிநாட்டுத் தோல்தான் வேண்டுமா? எத்தனை கனம், எவ்வளவு வாங்கவேண்டும்?

தாராளமாகச் செய்யலாம். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் தாவரச் சாற்றில் பதனிட்ட ஈ.ஐ. தோல், அரைப்பதத்தில் பிரிட்டனுக்கே கப்பலேறிய சரக்கு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதன் பழைய முறை; பிறகு வாட்டில் மரத்தின் பட்டை வந்தது. இதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பெரும்பாலும் கிடைப்பது குரோம் உப்பில் பதனிட்டது. பைக்குள் ஒட்டும் உள்தோலுக்கு அது நல்லது. முகப்புக்கு ஆகாது, ஏனென்றால் சித்திரம் அடித்தாலும் தோல் மறுபடி எழும்பிவிடும்.

கடையில் பார்க்கும்போது இரண்டு சோதனை போதும். வெட்டிய விளிம்பு நீலச் சாம்பல் நிறமாக இருந்தால் குரோம். உள்ளே வரை பழுப்பாக இருந்தால் தாவரப் பதனம். அடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நகத்தால் அழுத்துங்கள். தழும்பு அப்படியே நின்றால் சித்திரத்துக்கு ஏற்றது. தண்ணீரை உறிஞ்சாமல் முத்தாக நின்றால் எண்ணெயோ மெழுகோ அதிகம் ஏறியிருக்கிறது. அந்தத் தோலில் அச்சு மங்கலாகத்தான் விழும், சாயமும் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

முகப்புக்கும் முதுகுக்கும் 2 முதல் 2.5 மி.மீ. முகப்பையும் முதுகையும் சுற்றிலும் இணைக்கும் பக்கப்பட்டைக்கு 1.2 மி.மீ. குஞ்சத்துக்கு 1 மி.மீ. இடுப்பு வாருக்கு 3 முதல் 3.5 மி.மீ. உள்ளே ஒட்ட 0.8 மி.மீ. ஆட்டுத்தோல். கணக்குப் பார்த்தால் உடம்புக்கு ஒன்றரைச் சதுர அடிகூட ஆகாது. ஆனாலும் 3 சதுர அடி வாங்குங்கள்: உண்ணித் தழும்பு, கம்பிக் கீறல் எல்லாம் விலக்கி வெட்டவேண்டும். முகப்பை முதுகெலும்பை ஒட்டிய பகுதியிலிருந்து எடுங்கள். வயிற்றுப் பகுதி இழுபடும், அதில் முகப்பு வெட்டினால் ஒரு வருடத்தில் தொய்ந்துவிடும்.

கேள்வி: அளவுகளும் வெட்டும் முறையும் சொல்லமுடியுமா? முதலில் எதைத் தைப்பது, கடைசியில் எதைத் தைப்பது என்றே குழப்பம்.

முகப்பு 18 செ.மீ. அகலம், 19 செ.மீ. உயரம். கீழ் இரண்டு மூலையும் 6 செ.மீ. ஆரத்தில் வளையட்டும். முதுகும் மூடியும் ஒரே துண்டு: 18 செ.மீ. அகலம், 38 செ.மீ. நீளம். இதில் முதுகுக்கு 20.5, மேல்மடிப்புக்கு 3.5, மீதி 14 முன்னால் விழும் மூடி. முதுகு முகப்பைவிட ஒன்றரைச் செ.மீ. உயரமாக இருக்கக் காரணம் கை நுழையும் இடம். இரண்டும் ஒரே உயரமானால் மூடியைத் திறந்தாலும் விரல் போகாது.

பக்கப்பட்டை 5 செ.மீ. அகலம். இரு விளிம்பிலும் 8 மி.மீ. மடித்துத் தைப்பதால் உள்ளே 3.4 செ.மீ. ஆழம் நிற்கும். கைப்பேசி, பர்ஸ், சாவிக்கு இது போதும். இதைவிட ஆழம் வைத்தால் நடக்கும்போது முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், கில்ட்டின் முன்மடிப்பும் நேராக விழாது. பட்டையின் நீளத்தை உத்தேசமாக வைக்காதீர்கள். முகப்பின் விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே கவராயத்தால் தையல்கோடு போட்டு, அதன்மேல் நூலை ஓட்டி அளங்கள். இந்த அளவுகளுக்கு 50 செ.மீ. வரும். 54 செ.மீ. வெட்டிவைத்து, தைத்து முடித்தபின் மேலே நறுக்குங்கள்.

வெட்டுமுன் அட்டையில் முழுப்பையும் செய்து, டேப்பால் ஒட்டி, கைப்பேசியைப் போட்டுப் பாருங்கள். இதைச் செய்யச் சோம்பினால் தோல்தான் தண்டம்.

வரிசைக்கு ஒரே விதிதான்: பை மூடியபின் உள்பக்கம் கை எட்டாத எந்த வேலையையும் பின்னால் வைக்காதீர்கள். சித்திரம், சாயம், குஞ்சம், மூடியை மாட்டும் உலோகக் குமிழான ஸ்டட், உள்தோல் ஆகியவை முகப்பில் முதலில் முடியவேண்டும். அதேபோல், இடுப்புச் சங்கிலி மாட்டும் டி (D வடிவ) வளையத்தைத் தாங்கும் தோல் காதுகள் முதுகில் முதலில் தைக்கப்படவேண்டும். பக்கப்பட்டையை முதலில் முகப்போடு, கடைசியாக முதுகோடு தையுங்கள். மேல்மடிப்பை ஈரமாக்கி, 3.5 செ.மீ. கனமுள்ள மரக்கட்டைமேல் கவிழ்த்துக் காயவிட வேண்டும். கூர்மையாக மடித்தால் அந்த இடத்தில்தான் முதல் வெடிப்பு வரும்.

கேள்வி: தைத்த பையில் கீழ்மூலைகளில் பக்கப்பட்டை சுருங்கிக் குவிகிறது. இன்னொன்றில் முழுப்பையும் ஒருபக்கமாக முறுக்கிக்கொண்டது. எங்கே தவறு?

சுருக்கத்துக்குக் காரணம் கணக்கு. பட்டையின் ஓரத்தை 8 மி.மீ. வெளியே மடிக்கிறீர்கள். ஒவ்வொரு மூலையிலும் மடிப்புக்கோடு சுற்றும் தூரத்தைவிட வெளி விளிம்பு சுற்றும் தூரம் ஏறக்குறைய 1.25 செ.மீ. அதிகம். தட்டையான பட்டையில் இரண்டும் ஒரே நீளம், ஆகவே உள்ளே மிஞ்சும் தோல் குவிகிறது. மூலையின் ஆரம் 6 ஆனாலும் 3 ஆனாலும் இந்த 1.25 மாறாது. ஆனால் ஆரம் 3 என்றால் அத்தனையும் பாதித் தூரத்துக்குள் அடங்கவேண்டும். அதனால்தான் 5 செ.மீ.க்குக் கீழே ஆரம் வைக்கவேண்டாம் என்கிறோம்.

பட்டை 1.2 மி.மீ.க்கு மேல் இருந்தால் சீவுங்கள். மடியும் ஓரத்தை இன்னும் இறக்கி 0.8 மி.மீ. ஆக்குங்கள். முகப்பைவிட 8 மி.மீ. சுற்றிலும் சிறிதாக ஒரு மரப்பலகை வெட்டி, அதன் விளிம்பை உருட்டி, நனைத்த பட்டையை அதைச் சுற்றி இழுத்து ஓரத்தை எலும்புக் கத்தியால் நீவி மடித்து, கிளிப் போட்டு இரவு முழுக்கக் காயவிடுங்கள். தாவரப் பதனத் தோல் அந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். ஓரத்தில் 'வி' வெட்டு வைத்துச் சமாளிப்பதைச் சிலர் சொல்வார்கள். தையல் வெளியே தெரியும் பையில் அந்த வெட்டுகளும் வெளியே தெரியும், செய்யாதீர்கள்.

முறுக்கிக்கொள்வது வேறு நோய். ஒரு மேல்மூலையில் ஆரம்பித்து மறு மேல்மூலை வரை ஒட்டிக்கொண்டே போனால், கை இழுப்பில் பட்டை சிறிது சிறிதாக நகரும். முகப்பில் ஒரு மாதிரியும் முதுகில் வேறு மாதிரியும் நகர்ந்தால் பை திருகத்தான் செய்யும். மூன்று துண்டுகளிலும் நடுக்கோடு குறித்து, கீழ்நடுவில் முதல் கிளிப் போட்டு, அங்கிருந்து இருபுறமும் மேலேறுங்கள். துளைகளை ஒட்டுமுன்பே எல்லாத் துண்டுகளிலும் குத்தி, நடுத்துளையிலிருந்து எண்ணிப் பாருங்கள். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் 50 செ.மீ.க்கு 155, 160 துளை வரும். முகப்பிலும் பட்டையிலும் அந்த எண் ஒன்றாக இருக்கவேண்டும். பத்துத் துளைக்கு ஒருமுறை தற்காலிக நூல் முடிச்சுப் போட்டுவிட்டால் பிறகு நகராது.

நூல்: தேன்மெழுகு பூசிய லினன், அல்லது 0.8 மி.மீ. மெழுகு பாலியெஸ்டர். தைக்கும் தூரத்தைப்போல் நான்கு மடங்கு, அதற்குமேல் ஓர் அரை மீட்டர். இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்தும் சேணத் தையல்தான் இதற்கு. முடிவில் மூன்று தையல் பின்னோக்கி வந்து அறுங்கள்.

கேள்வி: மெஷினில் தைத்தால் என்ன?

தைக்கலாம், கனத் தோலுக்கான மெஷின் இருந்தால். மெஷின் போடும் லாக்-ஸ்டிச்சில் ஒரு நூல் அறுந்தால் இரண்டு பக்கமும் மெல்லப் பிரிந்துகொண்டே போகும். சேணத் தையல் அப்படிப் பிரியாது. பாகிஸ்தானின் சியால்கோட்டில் பைப் (பேக்பைப் என்னும் ஊதுகருவி) பேண்டு சாமான்களோடு ஸ்போரனும் மொத்தமாகத் தைத்து உலகமெங்கும் அனுப்புகிறார்கள். மலிவு விலையில் அவற்றோடு போட்டியிடுவது உங்கள் நோக்கமில்லையே.

கேள்வி: முகப்பில் கெல்ட் பின்னல் (இழைகள் மேலும் கீழுமாகப் பின்னிச் செல்லும் கெல்டிக் சித்திரம்) அடித்தேன். சில இடம் மங்கல், சில இடம் வெளுப்பு. காய்ந்தபின் முகப்பு பெரிதாகி, முதுகோடு பொருந்தவில்லை.

மங்கலானது ஈரம் அதிகமாக இருந்த இடம். வெளுப்பானது காய்ந்துபோன இடம். பஞ்சால் நனைத்து, பாலிதீன் பையில் இரவு முழுக்க வைத்து, காலையில் எடுத்து வெளியே வையுங்கள். தோல் தன் பழைய நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கவேண்டும், கன்னத்தில் வைத்தால் இன்னும் குளிர்ச்சி தெரியவேண்டும். அந்த நேரம்தான் அடிப்பதற்கு. சரியான ஈரத்தில் அச்சு விழுந்த இடம் தானாகவே கருத்துக் காட்டும்.

கோடுகளைச் சுழல்கத்தியால் தோல் கனத்தில் மூன்றிலொரு பங்கு ஆழம் மட்டும் வெட்டுங்கள். பாதியைத் தாண்டினால் மூடி வளையும்போது அந்தக் கோடு வாய் பிளக்கும். அடியில் கிரானைட் பலகை வேண்டும். மர மேசை ஒவ்வோர் அடியையும் விழுங்கிவிடும். அடிக்க இரும்புச் சுத்தி வேண்டாம், கொட்டாப்புளி.

அடி வாங்கிய தோல் பரவத்தான் செய்யும். ஆகவே முகப்பைச் சுற்றிலும் ஒன்றரைச் செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, பின்பக்கம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, சித்திரம் அடித்துக் காயவைத்து, அப்புறம்தான் இறுதி அளவுக்கு நறுக்கவேண்டும். வெயிலிலும் ஹேர் டிரையரிலும் காயவைக்காதீர்கள், தோல் விறைத்து வளைந்துவிடும்.

பின்னலைப் பற்றி ஒரு குறிப்பு. ஒவ்வோர் இழையும் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறிப் போகவேண்டும். மூடிய கோடுகளால் ஆன எந்தப் பின்னலிலும் இது கடைசிவரை தவறாமல் பொருந்தும். ஓரிடத்தில் தொடர்ந்து இரண்டு 'மேல்' வந்தால் உங்கள் படியெடுப்பில்தான் பிசகு. கத்தி வைக்குமுன் பென்சிலில் எல்லாச் சந்திப்புகளையும் குறித்துப் பாருங்கள். கத்தி பட்டபின் திருத்த வழியில்லை.

கேள்வி: கறுப்புச் சாயம் போட்ட ஸ்போரன். ஒரு விழாவுக்குப் பிறகு கில்ட்டின் முன்பக்கம் கரிபடிந்ததுபோல் ஆகிவிட்டது. கில்ட்டின் விலை ஸ்போரனைவிடப் பல மடங்கு. இனி என்ன செய்வது?

எட்டுக் கஜக் கம்பளியை மடித்துத் தைத்த கில்ட்டில் கறை என்றால் வயிறு எரியத்தான் செய்யும். வீட்டில் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்க்காதீர்கள். கம்பளி சுருங்கும், மடிப்பும் கலையும். உலர்சலவைக்காரரிடம் கொடுக்கும்போது 'இது தோல்சாயம்' என்று சொல்லிக் கொடுங்கள்.

ஸ்பிரிட் சாயம் உலர்ந்ததும் தோலுக்குள் போகாத நிறத்தூள் மேலேயே தங்கிவிடுகிறது. கறுப்பில் இது மிக அதிகம், ஏனென்றால் ஒரே பூச்சில் கருக்கவேண்டும் என்று வழிய வழியப் பூசுகிறோம். அந்தத் தூளை எடுக்காமல் மேலே பளபளப்புப் பூச்சு அடித்தால், உரசலில் பூச்சும் தூளும் சேர்ந்தே வரும். நனைந்த நாளிலும் வியர்த்த நாளிலும் இன்னும் மோசம்.

மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே உலர நேரம். கடைசிப் பூச்சுக்குப்பின் ஒரு முழு நாள் விடுங்கள். பிறகு பழைய பருத்தித்துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருங்கள். புது வெள்ளைத்துணியை லேசாக ஈரமாக்கித் தேய்த்தால் அதில் நிறம் வராத வரை நிறுத்தாதீர்கள். கை வலிக்கும், வேறு வழியில்லை. அதன்பின் மிகக் கொஞ்சமாக நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக்கால் எண்ணெய்), ஒரு நாள் கழித்து அக்ரிலிக் பூச்சு மெல்லிசாக இரண்டு முறை.

எங்கள் கட்சி என்னவென்றால், முதுகுப்பக்கத்துக்குச் சாயமே வேண்டாம். முதுகும் மூடியும் ஒரே துண்டாக இருந்தால் மேல்மடிப்பு வரை சாயம் போட்டு, கீழே சாயமில்லாத ஆட்டுத்தோலை முதுகின்மேல் ஒட்டித் தைத்துவிடலாம். கில்ட்டில் படுவது அந்தத் தோல் மட்டுமே. முதுகை யாரும் பார்க்கப்போவதில்லை.

கறுப்புக்கு இன்னொரு வழி, சாயமே இல்லாதது. வினிகரில் எண்ணெய்ப்பசை நீக்கிய இரும்பு நாரை மூடியை இறுக்காமல் ஒன்றிரண்டு வாரம் ஊறவைத்து வடிகட்டிய கரைசலைத் தாவரப் பதனத் தோலில் பூசினால், தோலிலுள்ள டானினோடு இரும்பு சேர்ந்து உள்ளேயே கறுப்பாகும். கடுக்காயில் ஊறிய கலம்காரித் துணியில் இரும்பும் வெல்லமும் சேர்ந்த கரைசல் கறுப்பதும் இதே வினைதான். நிறம் மேலே தூளாக நிற்பதில்லை என்பதால் உரசலில் மிகக் குறைவாகவே வரும். பூசியபின் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து துடைத்து அமிலத்தை முறியுங்கள். அதை விட்டுவிட்டால் தோல் நாளடைவில் நொறுங்கும். குரோம் தோலில் இந்த வித்தை பலிக்காது.

கில்ட்டைக் கெடுக்கும் இன்னொன்று உலோகம். முதுகில் ரிவெட் தலை, டி வளையத்தின் பற்றுக்கம்பி எதுவும் வெளியே தெரியக்கூடாது. அவை கம்பளியை அரைத்து நூலைத் தூக்கும். எல்லாவற்றையும் தோலால் மூடித் தையுங்கள்.

கேள்வி: குஞ்சம் எப்படிச் செய்வது? எத்தனை?

டே ஸ்போரனில் வழக்கம் மூன்று. 10 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரமுள்ள தோல்துண்டு; மேலே 12 மி.மீ. விட்டு, மீதியை 3 மி.மீ. இழைகளாக நறுக்குங்கள். பின்னிய தோல்வாரின் நுனியில் பசை தடவி இறுக்கிச் சுருட்டி, உள்ளே இரண்டு தையல் போடுங்கள். பசையை மட்டும் நம்பினால் ஆட்டத்தில் கழன்று விழும். உலோகக் கூம்பு மாட்டுவதானால் முதலில் வேண்டாத தோலைச் சுருட்டி அளவு பாருங்கள். நுனிகள் பையின் கீழ்விளிம்புக்கு ஒரு செ.மீ. உள்ளேயே நிற்கட்டும்.

கேள்வி: மாட்டினால் பை முன்னால் கவிழ்கிறது. வார், சங்கிலி அளவு என்ன?

காதுகளைத் தாழ்த்தி வைத்திருக்கிறீர்கள். மேல்மடிப்பிலிருந்து 2 முதல் 3 செ.மீ. கீழே, ஒன்றுக்கொன்று 11 செ.மீ. தள்ளி இரண்டு காதும் வரட்டும். அதற்குக் கீழே போனால் தொங்கும் கோட்டுக்கு மேல் பாரம் ஏறி, பை தலைகுனியும். இழுப்பு பக்கவாட்டில் வருவதால் முதுகின் உள்ளே ஒரு தோல்துண்டு வைத்துச் சேர்த்துத் தையுங்கள்.

வாரின் அகலம் 18 மி.மீ. முன்னால் இருபுறமும் 25 முதல் 30 செ.மீ. சங்கிலி, பின்னால் தோல், பக்கிளும் பின்னாலேயே. கில்ட்டின் பின்புறம் இதற்கென்றே இரண்டு வளையம் தைத்திருப்பார்கள். அவற்றின் வழியாக வார் போகும். இடுப்பளவு கேட்டு வெட்டாதீர்கள். கில்ட்டை அணியச் சொல்லி, வார் உட்காரும் இடத்தில் நூலைச் சுற்றி அளங்கள். பக்கிளுக்கு 2.5 செ.மீ. இடைவெளியில் ஏழு துளை, அளவு நடுத்துளையில் பொருந்தவேண்டும். அணியும்போது ஸ்போரனின் மேல்விளிம்பு பெல்ட் பக்கிளுக்கு மூன்று நான்கு விரல்கடை கீழே நிற்கவேண்டும். அதைவிட இறங்கினால் நடக்கும்போது தொடையில் இடிக்கும்.

கேள்வி: பைப் வாசிப்பவர்கள் அணியும் நீண்ட வெள்ளைக் குதிரைமயிர் ஸ்போரனை வீட்டில் செய்ய முடியுமா? அதுதானே பழமையானது?

பழமையானது அல்ல. ஸ்காட்லாந்து மலைநாட்டினரான பழைய ஹைலேண்டர்கள் மான்தோல் சுருக்குப்பை கட்டினார்கள். 1746-இல் வந்த சட்டம் ஹைலேண்ட் உடையைப் பொதுமக்களுக்குத் தடைசெய்தது, 1782-இல்தான் நீக்கப்பட்டது. படையினருக்கு விலக்கு இருந்ததால் அந்த உடை ரெஜிமென்ட்களில் தொடர்ந்தது. நீண்ட மயிர் ஸ்போரன் 19-ஆம் நூற்றாண்டில் படையில் ஓங்கிய பாணி. ஆர்கைல் அண்ட் சதர்லாண்ட் ஹைலேண்டர்களுக்கு ஆறு குஞ்சம் என்பதுபோல் ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் குஞ்சத்தின் கணக்கும் நிறமும் மாறும். ஏதாவது ஒன்றைப் பார்த்து அப்படியே செய்துவிட்டால், தெரிந்தவர் ஒருவர் 'நீங்கள் எந்த ரெஜிமென்ட்?' என்று கேட்பார்.

மயிரைச் சிறு கொத்துகளாகக் கட்டி, தோல்பலகையில் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகத் தைக்கவேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்தியதன் தையலை மறைக்கும். கஷ்டமான வேலை இல்லை, பொறுமை கேட்கும் வேலை. முதல் ஸ்போரனாக மட்டும் இதை எடுக்காதீர்கள்.

கேள்வி: கிளாஸ்கோ மழையில் நனைந்துவிட்டால்?

உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, ஹீட்டருக்குத் தள்ளி நிழலில் காயவிடுங்கள். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். முழுக்கக் காய்ந்தபின் மெழுகுக் களிம்பு மெல்லிசாக முகப்புக்கு மட்டும் பூசுங்கள், முதுகுக்கு வேண்டாம். துணிப்பையில் வையுங்கள். பாலிதீனில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.